நான் கம்ப்யூட்டராக இருந்த நாட்கள்

செப்டம்பர் 21, ஞாயிறு

இதை யார் எடுத்துப் படித்தாலும் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எழுத்து கோணல் மாணலாக இருக்கும். சிலது கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சிலது கீழே தொங்கும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. 'ழ' போடும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்கிறேன் என்று மருமகள் சுகந்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுபது வயது தாண்டி வந்த எழுத்து. உபயோகிக்காமல் விட்டால் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

என் பெயர் சென்னியப்பன். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். இப்போது ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் முதியோர் வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, பாஸ் செய்தேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருப்போர் சங்கத்து ரூம். அதில் ஒரு டிரஸ்ட்காரர்கள் கம்ப்யூட்டர்கள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு வரை வகுப்பு. காசு வாங்குவதில்லை. நிலோபர் டீச்சர் பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுக்கிறார். ரூம் சாவி என்னிடம். திறப்பது, பூட்டுவது, கூட்டுவது என் வேலை. மற்ற நேரம் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அது வேலை இல்லை, ஆசை.

இன்றைக்கு இது போதும். விரல் நோகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இந்த வகுப்பு வருவதற்கு முன்னால் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று எழுத வேண்டும். மாடிப்படியில் இருந்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில். திரும்பி வர எட்டும் ஆகும், ஒன்பதும் ஆகும். கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு, படிக்கு ஒன்றாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துச் சண்டை. அப்புறம் யாராவது அழும் சத்தம். தினம் இதுதான்.

இப்போது நாலரைக்கே என் கதவைத் தட்டுகிறார்கள். "அப்புச்சி, சாவி! அப்புச்சி, சாவி!" நான் வேண்டுமென்றே மெதுவாகத் தேடுவேன்.

எல்லோரையும் விட முன்னால் நிற்பது கனிஷ்கா. மூன்றாம் மாடி. ஏழாம் வகுப்பு. அம்மா ஒச்சம்மா உசிலம்பட்டிப் பக்கம், இங்கே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். அப்பன் ஊரோடு நின்றுவிட்டான். அந்தப் பெண் அதிகம் பேசாது. ஆனால் இன்று திரையில் ஒரு பூனையை நடக்க வைத்து, சுவரில் முட்டித் திரும்பி வர வைத்தது. அது திரும்பியதும் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. நான் கை தட்டினேன். டீச்சரும் தட்டினார்.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளையிலிருந்து காலாண்டு லீவு. டீச்சர் ஊருக்குப் போகிறார்.

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். டீச்சர், "தாராளமா கும்பிடுங்க, என் பங்கு பொரியை மட்டும் எடுத்து வைங்க" என்றார். என்னிடம், "ஐயா, எல்லாத்தையும் கொஞ்சம் சுத்தம் பண்ணி வச்சிருங்க" என்றார்.

"அதை நீங்க சொல்லோணுமுங்களா டீச்சர்" என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று நல்ல வேலை செய்தேன். உடம்பு வலித்தாலும் மனம் நிறைந்திருக்கிறது.

ஊரே கழுவிக்கொண்டிருக்கிறது. மகன் வண்டியைக் கழுவினான். கம்பெனிகளில் மெஷினைத் துடைக்கிறார்கள். நானும் காலையிலேயே ரூமைத் திறந்து, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவிவிட்டேன். திரைகளை ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு கீபோர்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

எத்தனை அழுக்கு! பிள்ளைகள் மிக்சர் தின்ற கையோடு தட்டியது எல்லாம் சந்து சந்தாக இருந்தது. பழைய பல் பிரஷ்ஷும் ஷாம்பு பாக்கெட்டும் வைத்துத் தேய்த்தேன். கறுப்பாக ஓடியது. நுரை வெள்ளையாக வரும்வரை விடவில்லை. மொட்டை மாடியில் வரிசையாகக் காய வைத்தேன். வெயிலில் பளபளவென்று இருந்தன. சாயங்காலம் கொஞ்சம் தூறல் விழுந்தது, ஓடிப்போய் எடுத்துவிட்டேன்.

பெரிய பெட்டிகளையும் கழுவலாம் என்று தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. வயசாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

பூஜை அமோகம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. "கீபோர்டு புதுசு மாதிரி இருக்குது அப்புச்சி" என்று தருண் சொன்னான். அவன் எங்கள் வகுப்பின் வாய்.

ஒச்சம்மா கம்பெனியில் கொடுத்த பொரிப் பையோடு வந்தாள். கனிஷ்கா தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பெரியப்பா, தீபாவளி ஆர்டரு மலை மாதிரி கிடக்கு. பிசிறு வெட்ட ஆளு இல்லேன்னு சூப்பர்வைசர் உசுரை வாங்குறாரு. இவளைக் கூட்டியாரச் சொல்றாரு."

தைத்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரியால் வெட்டுவதுதான் பிசிறு வெட்டுவது. சின்னக் கை வேகமாக வெட்டும்.

"பள்ளிக்கோடத்துப் புள்ளையாச்சே அம்மிணி" என்றேன்.

"பள்ளிக்கூடத்தை யாரு நிறுத்தச் சொன்னா? சாயங்காலம் ரெண்டு மணி நேரம். கிளாஸ் நடக்கிற வரைக்கும் கிளாசுக்குப் போகட்டும், நான் குறுக்க நிக்கல. கிளாஸ் இல்லேன்னா என்கூட வரட்டும். படிக்கட்டுல உக்காந்து என்னத்தை அள்ளப் போறா?"

நியாயமாகத்தான் சொன்னாள். வகுப்புதான் நடக்கிறதே. திங்கட்கிழமை டீச்சர் வந்துவிடுவார். நான் கவலைப்படவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இன்று எழுத ஒன்றும் இல்லை. கை வலி.

அக்டோபர் 7, செவ்வாய்

கை வலி என்று எழுதியது பொய். எழுதிவிடுகிறேன்.

நேற்று டீச்சர் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போட்டார். எல்லாவற்றிலும் லைட் எரிந்தது, திரை வந்தது. கீபோர்டைத் தட்டினால் எதுவும் வரவில்லை. ஒன்று மட்டும் தட்டாமலே தானாக ஏதோ எழுதிக்கொண்டே போனது. டீச்சர் ஒரு கீபோர்டைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். தண்ணீர் சொட்டியது.

"ஐயா... இதைக் கழுவுனீங்களா?"

"ஆமாங்க. ஆயுத பூஜைக்கு."

"தண்ணியிலயா?"

"ஷாம்பு போட்டுங்க."

"ஷாம்பா! என்ன ஷாம்பு?"

"பொடுகு போறதுங்க. அதுதான் வீட்டுல இருந்துச்சு."

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிக்கிறார். "பொடுகு கண்டிப்பா போயிருச்சு ஐயா" என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கீபோர்டை வாங்கித் துண்டால் துடைத்தேன்.

டிரஸ்ட்டுக்குப் போன் செய்தார். புதிய கீபோர்டு தீபாவளிக்கு அப்புறம்தான் கிடைக்குமாம்.

கனிஷ்கா சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றது.

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த ஒச்சம்மா, மாடிப்படி இறங்கும்போது என்னைப் பார்த்து நின்றாள்.

"என்ன பெரியப்பா, கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டி விட்டீகளாமே. தலை துவட்டி விட்டீகளா, இல்லையா?"

"துவட்டுனேன் அம்மிணி" என்றேன்.

"டீச்சரு கிளாஸ் நடக்கும்னு சொல்றாகளாம். கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் கிளாசு. அடுப்பு இல்லாம சோறு ஆக்குவாகளோ? தீபாவளி வரைக்கும் இவ என்கூட வாரா."

கனிஷ்கா அவள் பின்னாலேயே இறங்கிப் போனது. பள்ளிக்கூட யூனிபார்மை மாற்றவில்லை. கையில் ஒரு சின்னக் கத்தரி.

தீபாவளி வரைக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தீபாவளிக்கு அப்புறம் பொங்கல் ஆர்டர் வரும். வேகமாக வெட்டும் கையை எந்த சூப்பர்வைசரும் திருப்பி அனுப்ப மாட்டான். அந்தப் பிள்ளை வயதில் நான் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நூல் முறுக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

அது போகட்டும். இன்று சுகந்தி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். நெய் ஊற்றிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நான் கம்ப்யூட்டர் ஆனேன்!

டீச்சர் வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் சாக்பீஸால் கட்டம் கட்டமாகப் போட்டார். "கம்ப்யூட்டருக்குச் சொந்தமா மூளை கிடையாது. நாம சொன்னதைச் சொன்ன வரிசையில மட்டும் செய்யும். கீபோர்டு இல்லாட்டி என்ன, சீட்டுல எழுதிக் குடுங்க. யாரு கம்ப்யூட்டரா இருக்கீங்க?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழுவியவன் நான்தானே.

பிள்ளைகள் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 'முன்னால் ஒரு கட்டம் போ.' 'வலது பக்கம் திரும்பு.' 'நில்.' நான் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, அதன்படி நடக்க வேண்டும். சீட்டில் இல்லாததைச் செய்யக் கூடாது.

படித்தேன்! ஒவ்வொன்றையும் நானே படித்தேன். தருணின் எழுத்து என் எழுத்தை விட மோசம். 'திரும்பு' என்பதில் சிக்கிக்கொண்டு சிறிது நேரம் நின்றேன்.

"டேய், அப்புச்சி ஹேங் ஆயிட்டாரு!"

"பழைய மாடல்டா. சூடாக விடு."

"ரீஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்!"

டீச்சர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பினேன். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

பிறகு ஒன்று கவனித்தேன். நான் தப்பாகப் போனால் பிள்ளைகள் என்னைத் திட்டவில்லை. சீட்டைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். "நாம எங்க தப்பா எழுதுனோம்?" என்று தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசினார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக வந்தால் முதலில் தேடுவது யாரை அடிக்கலாம் என்றுதான்.

கனிஷ்கா இருந்திருந்தால் நன்றாக எழுதியிருக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

சுகந்தி முருங்கைக்காய் வாங்கி வந்தாள். நிறைய இருந்தது. காலையில் மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மாதான். மத்தியானம் அந்தப் பையைத் திருப்பி வாங்கப் போனேன். பூட்டியிருந்தது. இருட்டின பிறகு ஒருதரம் போனேன், பை வேண்டுமே.

கனிஷ்கா கதவைத் திறந்தது. ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. கத்தரி பட்டதாம். உள்ளே இருந்து ஒச்சம்மா, "யாரு, பெரியப்பாவா? அந்தப் பை என்ன தங்கப் பையா, இத்தனை தடவை ஏறி இறங்குறீக?" என்றாள்.

"காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் கேட்டாள், "ஏன் மாமா, எந்த டாக்டர்?" இவளுக்கு எல்லாம் காதில் விழுந்துவிடுகிறது.

அக்டோபர் 13, திங்கள்

நீளமாக எழுத வேண்டிய நாள். இடையில் இரண்டு முறை டீ குடித்தேன்.

சாயங்காலம் கரண்ட் போனது. கம்பெனியில் மெஷின் நின்றுவிட்டது போல. கனிஷ்கா மூச்சு வாங்க ஓடி வந்தது. "கொஞ்ச நேரம்தான் அப்புச்சி. அம்மா டீ குடிக்கப் போயிருக்காங்க" என்று சீட்டுகளை வாங்கி எழுத ஆரம்பித்தது. ஒரு மூலையில் ஸ்டூல், அதன் மேல் தண்ணீர் டம்ளர். நான் போய் அதை எடுத்துக்கொண்டுவந்து டீச்சரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு எழுதுகிறது.

நான் நடந்தேன். பாதியில் ஒரு தூண். எழுதும் அவசரத்தில் கனிஷ்கா அதைக் கவனிக்கவில்லை. சீட்டில் இன்னும் முன்னால் போ என்று இருக்கிறது. நான் தூணில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்யும்.

அப்போது கேட் பக்கம் ஒச்சம்மா. தலைமுடியில் பஞ்சு, கண்ணில் கோபம். கரண்ட் வந்து, மகளைக் காணாமல் தேடி வந்திருக்கிறாள்.

"ஏட்டி! சொல்லாம கொள்ளாம..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டாள். "பெரியப்பா! தூணுல முட்டிக்கிட்டு எங்க போறீக? திரும்புங்க!"

"சீட்டு இல்ல அம்மிணி" என்றேன், நடந்துகொண்டே.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா இந்த மனுசனுக்கு? ஏட்டி, அவரைத் திருப்பி விடுடி!"

கனிஷ்கா பயத்தில் நின்றது. பிறகு மெதுவாக, "நீ சொல்லும்மா, திரும்புவாரு. ஆனா வரிசையா சொல்லணும்" என்றது.

"இதுல என்ன வரிசை? பெரியப்பா, போயி அந்தத் தண்ணியை எடுத்துட்டு வாங்க."

நான் தூணை விட்டு நகரவில்லை.

"அப்படிச் சொன்னா புரியாது ஆன்ட்டி" என்றான் தருண். "எந்தப் பக்கம் திரும்பணும்? எத்தனை கட்டம்? எந்தக் கை?"

"கையைக் கூடவா சொல்லணும்? மருமகப் பிள்ளை மாதிரி நிக்கிறாரே!" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சரி. இடது பக்கம் திரும்புங்க." திரும்பினேன். "ரெண்டு கட்டம் போங்க." போனேன். "ஆ, வலது பக்கம். இன்னும் ரெண்டு. நில்லுங்க. கையை நீட்டுங்க. டம்ளரைப் பிடிங்க. இப்ப வாங்க." நிற்கிறேன். "ஓ, திரும்பணுமா? திரும்புங்க."

பாதியில் கனிஷ்கா சொன்னது, "அம்மா, அது இல்ல. முதல்ல தூக்கச் சொல்லணும். தூக்காம பிடிச்சிக்கிட்டே இருக்காரு பாரு."

"ஆமாத்தா" என்றாள் ஒச்சம்மா. திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

டம்ளர் வந்து சேர்ந்தபோது அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மீதி என் வேட்டியில். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். டீச்சர், "இது உங்களுக்குத்தான் வந்துச்சு, நீங்களே குடிங்க" என்றார். ஒச்சம்மா அண்ணாந்து குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். மகளின் கையைப் பிடித்தாள். கம்பெனிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

கனிஷ்கா வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

வரவில்லை. மூன்றாம் மாடி வரை ஒரு நடை போய் வந்தேன். காலுக்கு நல்லது.

டீச்சரிடம், நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "நானும் பேசிட்டேன் ஐயா. சட்டமும் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க, பதில் சொல்லல" என்றார். பிறகு, "நீங்க கம்ப்யூட்டரா நல்லாத்தான் இருந்தீங்க" என்றார். எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் இன்று சாப்பாடு இறங்கியது.

அக்டோபர் 17, வெள்ளி

நாலரை மணி. கதவைத் தட்டினார்கள். சாவியை எடுத்துக்கொண்டு போனால் ஒச்சம்மா நிற்கிறாள். பக்கத்தில் கனிஷ்கா, தலை சீவி, பொட்டு வைத்து. கையில் கத்தரி இல்லை.

"ரூமைத் திறங்க பெரியப்பா."

"திறக்கறேன் அம்மிணி. ஆனா கீபோர்டு இன்னும் வரலியே. நீதான் சொன்னியே, அடுப்பு இல்லாம..."

"சொன்னேன். வாயி இருக்குல்ல, சொன்னேன்."

படியில் உட்கார்ந்தாள். கனிஷ்கா சாவியை வாங்கிக்கொண்டு ஓடியது. அது உள்ளே போனதும் ஒச்சம்மா சொன்னாள்.

"பதினாலு வயசுல ஊர்ல இருந்து வந்தேன் பெரியப்பா. அன்னையிலருந்து என்கிட்ட சொல்றவுகதான். உக்காருன்னா உக்காரணும். ஓவர்டைம்னா இருக்கணும். வீட்டுல அந்த மனுசனும் சொல்லித்தான் பழக்கம். நான் சொல்லி ஒரு ஆளு நடந்தது, அன்னைக்கி நீங்கதான்."

நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"தப்பாச் சொன்னேன், தப்பா நடந்தீக. சரியாச் சொன்னேன், தண்ணி வந்துச்சு. ராத்திரி படுத்தா அதே நெனப்பு. என் மகளுக்கு இந்தக் கிளாசுல இது தெனமும் நடக்குதே, அதைப் போயி நான் கத்தரியைக் குடுத்து உக்கார வச்சிருக்கேனேன்னு."

அப்போது அவள் போன் அடித்தது. சூப்பர்வைசர் குரல் எனக்கே கேட்டது. பாப்பா எங்கே, சரக்கு நிற்கிறது என்று கத்தினார்.

"வராதுண்ணே" என்றாள் ஒச்சம்மா. "கிளாஸ் இருக்கு... இல்லண்ணே, தீபாவளி முடிஞ்சும் வராது. நான் வாரேன், கூட ஒரு மணி நேரம் நின்னு வெட்டிக் குடுக்கேன். அவளைக் கேக்காதீக."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி, "பெரியப்பா, அவ எழுதிக் குடுக்கிறதைச் சரியாப் படிச்சு நடங்க. சும்மா தூணுல முட்டிக்கிட்டு நிக்காதீக" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

உள்ளே போனேன். கனிஷ்கா அதற்குள் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, எல்லோரையும் சுற்றி உட்கார வைத்திருந்தது. கீபோர்டு வந்ததும் திரையில் ஒரு நாய் ஓட வேண்டும், யாராவது கதவைத் தொட்டால் குரைக்க வேண்டும். அதற்கு இப்போதே சீட்டு எழுதி வைக்கிறார்கள். தருண் பேசப் பேச, "இரு, முதல்ல இது" என்று கனிஷ்கா சொல்கிறது. அவனும் கேட்கிறான்! நான் நாலு காலில் ஓடி, குரைத்துக் காட்டினேன். முட்டி இன்னும் எரிகிறது.

வியாழக்கிழமை கீபோர்டு வருகிறதாம். அந்த நாய் திரையில் குரைத்தால் அடுத்த வாரம் எழுதுகிறேன். குரைக்காவிட்டாலும் எழுதுகிறேன், ஏன் குரைக்கவில்லை என்று கனிஷ்கா கண்டுபிடித்துச் சொல்லும்.